கடைசி வீட்டு அரிசி

கண்ணுகளா, இது உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுவது. போன வாரம் பாப்பா கையில் தூக்குப்போசியோடு வாசலில் நின்று கேட்டாள்: "ஏம்ப்பா, நம்ம அரிசிய எதுக்கு அடுத்த ஊட்டு அத்தைகிட்டப் போயி வாங்கோணும்? அது நம்ம அரிசிதானே?"

எனக்கு ஃபேக்டரிக்கு நேரமாகிவிட்டது. "வந்து சொல்றேன் சாமி" என்று கிளம்பிவிட்டேன். மழைக்கு முன்னால் நம் அரிசியைப் பிரித்து இந்த லைன் வீட்டு வரிசையில் நாலைந்து வீடுகளில் கொடுத்து வைப்பதும், அவர்களுடைய அரிசியில் கொஞ்சம் நம் வீட்டில் வந்து இருப்பதும் உங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நடக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி இத்தனை தாமதமாக வந்தது. பதிலை வாயால் சொல்லலாம் என்றால், பாதியில் அம்மா சிரிக்கத் தொடங்கிவிடுவாள், இல்லாவிட்டால் அழுதுவிடுவாள். நான் பத்தாவது முடித்து ஐடிஐ படித்த ஃபிட்டர். எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னவன் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தான். அந்த வருட மழையில் கூடலூர் போகிற ரோட்டில் மண் சரிந்தது. அதற்கு மேலே இன்னொரு இடத்தில் ரோடே பள்ளத்துக்குள் போய்விட்டது. முதல் இரண்டு நாள் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வருடா வருடம் நடப்பதுதானே என்றார்கள். அப்புறம் கடையில் அரிசி தீர்ந்தது. பருப்பு, எண்ணெய், மெழுகுவர்த்தி என்று ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. நாங்கள் அவிநாசிப் பக்கத்திலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாரச் சந்தையில் வாங்குவது, அந்த வாரம் சமைப்பது, அதுதான் எங்கள் பழக்கம். டப்பாவைத் தட்டித் தட்டி அம்மா கஞ்சி வைத்தாள். ஒரு நாள் பாப்பா தட்டை நக்கிவிட்டு "இன்னொருக்கா" என்று நீட்டினாள். நான் "நாளைக்கு சாமி" என்றேன். அவள் அழவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தட்டைக் கொண்டு போய்க் கழுவும் இடத்தில் வைத்தாள். அழுதிருந்தால் நான் மறந்திருப்பேன்.

ரோடு திறந்த அன்றே முடிவு செய்தேன். அடுத்த மழைக்கு என் வீட்டில் எதுவும் குறையக்கூடாது.

சித்திரையிலேயே ஆரம்பித்துவிட்டேன். சேரம்பாடி பஜாரில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். பாதி மலையாளம், பாதி தமிழ். நான் வாரா வாரம் மூட்டையாக வாங்குவதைப் பார்த்துவிட்டு, "எந்தா சேட்டா, ஊட்டுல கல்யாணமோ?" என்றார்.

"கல்யாணமெல்லாம் இல்லீங்க. மழைக்கு."

"மழைக்கு ஆரு இத்தற சோறு போடும்?" என்று கடையில் நின்ற எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இந்த ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும். உப்பு தண்ணீராகிவிடும், தீப்பெட்டி பதத்துப்போகும், அரிசியில் பூஞ்சை பிடிக்கும். அதற்கெல்லாம் வழி செய்தேன். பழைய பிளாஸ்டிக் டிரம்களை வாங்கிக் கழுவிக் காயவைத்து, ஃபேக்டரியில் கழித்துப் போட்ட ரப்பர் ஷீட்டைக் கேட்டு வாங்கி, மூடிக்கு மூடி அளவெடுத்து வளையம் வெட்டிப் பொருத்தினேன். மேலே இரும்புப் பட்டை போட்டு போல்ட் முறுக்கினேன். அரிசி, துவரம்பருப்பு, கொள்ளு, வெல்லம், உப்பு எல்லாம் டிரம்மில். கேஸ் தீர்ந்தால் எரிக்க விறகு. சின்னவனுக்குப் பால் பவுடர். காய்ச்சலுக்கு மருந்து. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, படுக்க எடம் வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்டாள். சமையலறையில் ஒரு சுவர் முழுக்க டிரம்தான்.

நம் வீடு லைனில் கடைசி வீடு. அதற்கு அப்புறம் தேயிலை, தேயிலைக்கு அப்புறம் சோலை. சோலைக்குள் ஆனை. மழைக்காலத்தில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ரோட்டுப் பயம் எப்படியோ ஆனைப் பயமும் அப்படித்தான். நான் ரோட்டை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அரிசி வாசனைக்கு ஆனை சுவரை இடிக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் டிரம்மிலிருந்து வாசனை வராது என்ற தைரியம்.

அடுத்த வீட்டு அக்கா, அதாவது உங்கள் அத்தை, கொழுந்து எடுக்கிற வேலை. அவர்கள் குடும்பம் சிலோனிலிருந்து திரும்பி வந்தது. லைனை அவர்கள் லயம் என்றுதான் சொல்வார்கள். ஒரு சாயங்காலம் லைன் பெண்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, நீங்க புதுசு, அதான் சொல்றேன். இவ்வளவு சாமானையும் ஒரே வீட்டுல வச்சிருக்கக் கூடாது. நாலு வீட்டுல பிரிச்சு வைங்க. எங்கடதையும் அப்படித்தான் வச்சிருக்கோம். ஒரு வீட்டை ஆனை உடைச்சாலும் மத்த வீட்டுல கெடக்கும். விளங்குதா?"

எனக்கு விளங்கியது வேறு. போன மழையில் நான் ஒவ்வொரு வீடாகப் போய் அரிசி கேட்டபோது இருப்பதில் ஒரு கை கொடுத்தவர்கள்தான் இவர்கள். இருந்தாலும் என் மனசுக்குள், இப்போது என் வீட்டில் இருப்பது தெரிந்து வந்துவிட்டார்கள் என்றுதான் ஓடியது. ரோடு அடைத்த பிறகு நான் போய், "என் அரிசியைக் கொடுங்கள்" என்று நாலு வாசலில் நிற்பதா? மறுபடியும் தட்டை நீட்டுவதா?

"இல்லீங்கக்கா, நான் ரப்பர் போட்டு அடச்சு வெச்சிருக்கறனுங்க. ஒரு எறும்புகூட உள்ள போகாது."

"எறும்பு ஒங்க வீட்டுச் சுவர இடிக்காது தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம், அத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் கூரைக்குக் கீழே ஒரே இடைவெளி. முதல் வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கேட்கும். அடுத்த ஞாயிறு நான் பிளைவுட் வாங்கி வந்து, பரண் மேல் ஏறி, நமக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியை அடைத்தேன். சாதாரணமாக அடிக்கவில்லை. நீளமான ஆணியாக எடுத்து உத்தரத்தில் இறக்கி, மறுபக்கம் வந்த முனையை மடக்கிவிட்டேன். ஃபிட்டர் வேலை.

அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "எதுக்குங்க இது?"

"குளுருக் காத்து வருது புள்ள. பையனுக்கு ஆகாது."

"காத்துக்கா, கண்ணுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். நான் அடுத்த ஆணியை எடுத்தேன்.

இனிமேல்தான் பலாப்பழக் கதை. மழைக்கு முன்னால் ஒரு நாள் லைன் ஆட்கள் எல்லோருமாகச் சேர்ந்து வீடுகளைச் சுற்றியுள்ள பலா மரங்களில் ஏறி, காயை எல்லாம் பழுக்கும் முன் வெட்டி இறக்கிவிடுவார்கள். கறிக்கு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஓடையைத் தாண்டி வெகுதூரத்துப் பள்ளத்தில் உருட்டிவிடுவார்கள். பழுத்தால் ஆனை வரும். அந்த வேலையை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் பலாச்சுளையை எண்ணி வாங்குவோம். இங்கே முற்றின காயை, நல்ல பெரிய காயை, பள்ளத்தில் உருட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சோறு தீர்ந்தாலும் சுளை இருக்குமே, கொட்டையைச் சுட்டுக்கூடத் தின்னலாமே. முற்றின காய்களாகப் பார்த்துச் சாக்கில் கட்டி, ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியில் அக்கா பார்த்தார்.

"கறிக்கா தம்பி?"

"ஆமாங்கக்கா."

ஒன்றைக் கறி வைத்தோம். மற்றதைப் பரணில் வைக்கோல் போட்டு, சாக்கால் மூடி வைத்தேன். ரோடு அடைத்ததும் பாப்பாவுக்கு வெட்டிக் கொடுக்கலாம் என்று.

ஆடி பிறக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. நான் எதிர்பார்த்தபடியே ரோடு போனது. கரண்ட் போனது, போன் டவரும் போனது. ஃபேக்டரி நின்றது. கொழுந்து வேலையும் இல்லை. சொல்லக்கூடாது, எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. அம்மா டிரம் போல்ட்டைக் கழற்றி அரிசி எடுக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று கையை விட்டுப் பார்ப்பேன். கலகலவென்று காய்ந்த அரிசி. பாப்பா கேட்டபோதெல்லாம் சோறு போட்டேன். அவள் வேண்டாம் என்றபோதும் போட்டேன்.

"ஏனுங்க, பரண்ல என்னமோ இனிச்ச வாசம் வருது" என்றாள் அம்மா.

"பழுக்குது. வரட்டும்."

நம் வீட்டுக்குள் வாசனை நிறைந்திருந்தது. அக்கா வீட்டுப் பக்கம் அது போகவில்லை. பிளைவுட் அடைத்திருந்தேனே. அந்த இடைவெளி திறந்திருந்தால் முதல் நாளே அக்கா மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றிருப்பார். வாசனை போன வழி வேறு. சமையலறை ஜன்னல் வழியாகச் சோலைப் பக்கம் போயிருக்கிறது.

அன்றைக்கு மதியம் தாண்டிச் சாயங்காலம் ஆவதற்குள்ளேயே மூடுபனி இறங்கிவிட்டது. வாசலில் நின்றால் கொடிக்கம்பி தெரியவில்லை. சின்னவன் முன் அறையில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். தூளி கட்டியிருந்தது பரண் கட்டையில். பழங்களுக்கு நேர் கீழே. பாப்பா தரையில் உட்கார்ந்து கொள்ளு எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் தலையை வாரிக்கொண்டிருந்தாள். நாய்கள் குரைத்தன. அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

அக்கா வீட்டுப் பக்கச் சுவரில் யாரோ தட்டினார்கள்.

"அந்தக்கா தட்டுறாங்க, என்னன்னு கேளுங்க" என்றாள் அம்மா.

அரிசிக்குத்தான் என்று நினைத்தேன். எழுந்திருக்க மனசு வரவில்லை. மறுபடியும் தட்டினார்கள், இந்தத் தடவை ஏதோ பாத்திரத்தால். என்னமோ கத்துவதும் கேட்டது. என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. லைனில் ஆனை வந்தால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அந்த இடைவெளி வழியாகத்தான் சொல்லுவார்கள். வெளியே வந்து கத்த மாட்டார்கள். கதவைத் திறக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். அந்தச் சேதி லைன் முழுக்க வந்து, என் பிளைவுட்டில் முட்டி நின்றுவிட்டது.

நான் சுவரில் காதை வைத்து "என்னங்கக்கா?" என்று கேட்டபோதுதான் சமையலறையில் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஜன்னல் கம்பி மெதுவாக வளைகிற சத்தம். அப்புறம் ஒரு பெருமூச்சு. மனுசன் விடுகிற மூச்சு இல்லை அது.

அம்மா பாப்பாவின் வாயைப் பொத்திக்கொண்டாள். நடுக்கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஜன்னல் வழியாகத் தும்பிக்கை உள்ளே வந்து, டிரம் மூடிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது. ஒரு டிரம்மைக் கொஞ்சம் நகர்த்தியது, விட்டுவிட்டது. அப்புறம் மேலே தூக்கி, முன் அறைப் பக்கமாகத் திருப்பி முகர்ந்தது. அதற்கு வேண்டியது டிரம்மில் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலையை நிமிர்த்திப் பரணைப் பார்த்தேன். அதற்குக் கீழே தூளி.

முன் கதவைக் கையகலம் திறந்தேன். பனிக்குள் வாசலுக்கு நேரே, சாம்பல் நிறத்தில் கால் தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு சின்னக் கால். குட்டியோடு ஒன்று வாசலில் நிற்கிறது. கதவை மூடினேன். தாழ்ப்பாள் போடும்போது அது கிணுக்கென்றது. வெளியே ஒரு உறுமல்.

பின்னால் சமையலறைச் சுவர் சரிந்தது. கூரை ஷீட் ஒன்று முறிந்து விழுந்தது.

"மேல!" என்றேன். பரணைக் காட்டினேன். அம்மா தூளியிலிருந்து சின்னவனை எடுத்து மாரோடு கட்டிக்கொண்டாள். நான் பரணில் ஏறி, பலாப்பழச் சாக்குகளுக்கு மேல் முழங்காலில் நின்று, பிளைவுட்டை இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. சுத்தியல் சமையலறையில் இருந்தது. தோளால் முட்டினேன். காலால் உதைத்தேன். இவ்வளவு நன்றாக யார் அடிக்கச் சொன்னது என்று என்னையே திட்டினேன். எனக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகை. அதற்கு அந்தப் பக்கம் என் பிள்ளைகள் பிழைக்கலாம். இந்தப் பக்கம் முடியாது.

"தம்பி, கைய எடுங்க!"

அக்காவின் குரல், இப்போது காதுக்குப் பக்கத்திலேயே. பலகையின் ஓரத்தில் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியின் முனை வந்து எட்டிப் பார்த்தது. அவர் அந்தப் பக்கம் ஏறி நின்று நெம்புகிறார். மறுபடியும் குத்தினார். மடக்கிவிட்ட ஆணி ஒன்று கிறீச்சென்று நிமிர்ந்தது. ஒரு மூலை விலகியது. நான் விரலை விட்டு இழுத்தேன். பலகை பிளந்தது. என் உள்ளங்கையில் இருக்கிற தழும்பு அதுதான். மெஷினில் வெட்டிக்கொண்டது என்று இத்தனை நாள் உங்களிடம் சொல்லி வந்தேன்.

ஓட்டையில் அக்காவின் முகம் தெரிந்தது. மூக்கைச் சுருக்கினார்.

"அட பாவி மனுசா, பலாப்பழமா வச்சிருக்கீங்க?"

"அக்கா, பிள்ளைங்க..."

"தாங்க, தாங்க!"

அம்மா கீழேயிருந்து பாப்பாவைத் தூக்கிக் கொடுத்தாள். நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாய் சாமி. என் காதில் மெதுவாகக் கேட்டாய்: "அப்பா, நம்ம சோத்த எல்லாம் தின்னுருமா?"

"தின்னா தின்னுட்டுப் போகுது தங்கம். நீ போ."

உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அக்கா கையில் கொடுத்தேன். அடுத்தது சின்னவன். துணியோடு சுருட்டிக் கொடுத்தேன். அவன் அதுவரைக்கும் விழிக்கவே இல்லை. அந்தப் பக்கம் அக்கா உங்களைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த சுவருக்கு மேலே அந்த வீட்டு ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் அதற்கடுத்த வீட்டுக்கு. இப்படியே கை மாறி, கை மாறி, முதல் வீடு வரைக்கும். பாப்பாவுக்கு ஞாபகம் இருப்பது அது மட்டும்தான், இல்லையா? "எல்லாரும் என்னையத் தூக்கித் தூக்கிக் குடுத்து வெளையாண்டாங்களே" என்று சொல்வாயே. அது விளையாட்டு இல்லை கண்ணு.

அம்மா ஏறும்போது ஓட்டையின் முனை குத்தி ரவிக்கை கிழிந்தது, தோளும் கிழிந்தது. அவள் போனதும் சமையலறைக்கும் முன் அறைக்கும் இடையில் இருந்த நடுச்சுவரில் விரிசல் விழுவதைப் பார்த்தேன்.

"தம்பி, பழத்தத் தள்ளுங்க! அதுக்குத்தான் வந்திருக்கு! தள்ளிட்டு வாங்க!"

பரணில் மல்லாந்து படுத்து, சாக்குகளைக் காலால் உதைத்தேன். ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து பிளந்தன. வீடே இனித்தது. நடுச்சுவரில் பாதி உள்ளே சரிந்து, அந்தத் தூசிக்குள் தும்பிக்கை வந்து முதல் பழத்தைத் தொட்டது. ஆனைக்கு என்மேல் எந்தக் கோபமும் இருந்ததாகத் தெரியவில்லை. பழத்தை அள்ளி வாயில் வைத்தது, அடுத்ததைத் தேடியது. தூளித் துணி அதன் தும்பிக்கையில் சிக்கிக் கிழிந்தது. அதை நான் பார்த்தேன். அப்புறம் எப்படி அந்த ஓட்டைக்குள் நுழைந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

முதல் வீட்டில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரோ கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். வனத்துறை ஆட்கள் நடந்தே வந்து வெடி போட்டு விரட்டும் வரைக்கும் நம் வீட்டில் டிரம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு உருளலுக்கும் நான் நிமிர்வதைப் பார்த்துவிட்டு அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினாள். அந்தக் கூட்டத்தில் பாப்பா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு காதில் விழுந்த பிறகுதான் நான் காப்பியைக் குடித்தேன்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தோம். வீட்டுக்குப் பின்பாதி இல்லை. இரண்டு டிரம் நசுங்கி அரிசி சேற்றோடு சேறாகக் கிடந்தது. மற்றவை அடிபட்டு, வளைந்து, தேயிலைச் செடிக்குள் உருண்டு கிடந்தன, ஆனால் மூடி விடவில்லை. டிரைவர் வேலை பார்க்கிற ஒரு அண்ணன் அதில் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஃபிட்டரே, ரப்பர் நல்ல ரப்பர்! ஆனையே தொறக்கப் பாத்து, முடியாம போயிருச்சு போல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்குச் சுருக்கென்று இல்லை. நானும் சிரித்தேன், கொஞ்ச நேரம் கழித்து.

ரோடு இன்னும் திறக்கவில்லை. நானே அக்காவிடம் போனேன்.

"அக்கா, இத நாலு ஊட்ல வெச்சுக்கலாங்களா?"

அவர் குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காட்டவும் செய்தார். "ஏன் தம்பி, எறும்பு வந்திருச்சா?" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு டிரம்மை உருட்டத் தொடங்கிவிட்டார்.

அந்த மழை முடியும் வரைக்கும் நாம் அக்கா வீட்டில்தான் இருந்தோம். நம் அரிசி நாலு வீட்டில் இருந்தது. ஒரு வீட்டில், "ரெண்டு படி எடுத்துட்டோம், கடை தொறந்ததும் தர்றோம்" என்று அவர்களாகவே வந்து சொன்னார்கள், தந்தார்கள். இன்னொரு வீட்டில் எடுத்ததைச் சொல்லவில்லை, தரவும் இல்லை. நான் கேட்கவில்லை. அவர்கள் கையும் அன்றைக்கு அந்தச் சுவர் மேல் நீண்ட கைதான்.

இப்போதும் நான் மழைக்குச் சாமான் சேர்க்கிறேன். இன்னும் நிறையவே சேர்க்கிறேன். உப்பு, தீப்பெட்டி, மருந்து, பால் பவுடர், எல்லாம். சேர்க்க வேண்டும், கண்ணுகளா. ரோடு வருடா வருடம் போகத்தான் செய்யும். ஆனால் டிரம்மை எங்கே வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. பாப்பா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அடுத்த தடவை தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போகும்போது வெட்கப்படாதே. அத்தை வீட்டு அரிசியும் நம் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

மழை விட்ட பிறகு தோட்டத்து மேஸ்திரி வந்து சுவர் எழுப்பிக் கொடுத்தார். ஷீட் மாற்றினார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அவர் பரணுக்கு மேலே கையைக் காட்டி, "இதையும் கூரை வரைக்கும் செங்கல் வெச்சு அடச்சுக் குடுத்துறட்டுங்களா? கையோட முடிச்சிரலாம்" என்று கேட்டார். வேண்டாங்க என்றேன்.

அடுத்த நாள் மதியம் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அக்கா கொழுந்துக்குப் போயிருந்தார். லைனில் யாருமே இல்லை. நான் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினேன். பலகையின் கிழிந்த துண்டுகள் இன்னும் உத்தரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடுங்கிக் கீழே போட்டேன். பிறகு ஆணிகள். நான் அடித்தவை, நன்றாகவே அடித்திருந்தேன். மடங்கின முனைகளை நிமிர்த்தி, ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தேன். கடைசி ஆணி வந்ததும் உத்தரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, எங்காவது குத்துகிறதா என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவிப் பார்த்தேன்.